கெஃபிர் கிட் வாங்கலாமா? சேலத்துக்கு ஒரு பதில், ஏற்காட்டுக்கு வேறு பதில்

கெஃபிர் என்பது மோர் போலக் குடிக்கும் ஒரு புளித்த பால். அதை வீட்டிலேயே செய்ய ஆன்லைனில் விற்கும் கிட்டைப் பிரித்தால் உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒன்றுதான். சின்னப் பையில் கொஞ்சம் பாலோடு, பாலைப் புளிக்கவைக்கும் உயிருள்ள மணிகள், ஒரு கண்ணாடி ஜாடி, பிளாஸ்டிக் வடிகட்டி, ஜாடி வாயைக் கட்ட ஒரு துணி, ஒரு ரப்பர் பேண்டு. கூடவே ஒரு தாள்: ஒரு மேசைக்கரண்டி மணியை இரண்டு கப் பாலில் போட்டு அறை வெப்பத்தில் 24 மணி நேரம் வையுங்கள் என்று. மொத்த கிட்டிலும் நம் ஊருக்குப் பொருந்தாதது இந்த ஒரு வரிதான். அதை அப்படியே நம்பிச் செய்தால் முதல் வாரத்திலேயே மணிகள் கெட்டு, கெஃபிர் நமக்கு ஒத்துவராது என்ற முடிவுக்கு வந்துவிடுவோம்.

அந்த வரி 20 முதல் 22 டிகிரி இருக்கும் சமையலறைக்கு எழுதியது. ஏப்ரல் மாதம் சேலத்தின் அம்மாபேட்டை, குகை போன்ற பகுதிகளில் மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் சமையலறை பிற்பகலில் 35 டிகிரியைத் தொடும். அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போனால், டிசம்பர் விடியற்காலையில் ஏற்காட்டுச் சமையலறை 15, 16 டிகிரியில் சில்லென்று கிடக்கும். அதே மணி, அதே பால், அதே ஜாடி. கீழே ஏழு மணி நேரத்தில் புளித்துத் தண்ணீர் பிரிந்துவிடுகிறது. மேலே ஒரு முழு நாள் போன பிறகும் பாலாகவே நிற்கிறது. இந்தப் பொருளுக்கு மதிப்பெண் போட வேண்டுமென்றால் எந்த ஊர், எந்த மாதம் என்று கேட்காமல் போட முடியாது.

வாங்கும் அவசரத்தில் இருப்பவர்களுக்கு முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். மணிகளை மட்டும் தனியாக வாங்குங்கள், கிட் வேண்டாம். கிட்டுக்குக் கொடுக்கும் கூடுதல் காசு ஜாடிக்கும் அட்டைப் பெட்டிக்கும்தான் போகிறது. வீட்டில் இருக்கும் முக்கால் லிட்டர் கண்ணாடி பாட்டில், நைலான் வலை போட்ட டீ வடிகட்டி, துவைத்துக் காய்ந்த பழைய வேட்டித் துணி ஆகிய மூன்றும் அந்த வேலையைச் செய்துவிடும். ஊறுகாய் வைத்த பாட்டிலாக இருந்தால் மூடியை விட்டுவிடுங்கள், எண்ணெய் வாசனை மூடியின் ரப்பரில்தான் தங்கும். மிச்சமாகும் காசில் ஒரு டிஜிட்டல் சமையல் தெர்மாமீட்டர் வாங்குங்கள். கிட்டில் அவசியம் இருந்திருக்க வேண்டியது அதுதான், அதைத்தான் எந்த கிட்டிலும் காணோம்.

மணி என்பது விதையோ தானியமோ இல்லை. லாக்டிக் அமில பாக்டீரியாக்களும் ஈஸ்ட்டுகளும் சேர்ந்து, கெஃபிரான் என்ற வழுவழுப்பான மாவுப்பொருளாலும் பால் புரதத்தாலும் தங்களுக்குக் கட்டிக்கொண்ட வீடு. காகசஸ் மலைப்பகுதியிலிருந்து வந்தது. பார்வைக்குக் காலிஃபிளவரின் சின்னப் பூ மாதிரி இருக்கும். சேலத்துக்காரர்களுக்கு இன்னும் எளிதாகச் சொல்லலாம்: வெந்த ஜவ்வரிசி நாலைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது போல. ஆனால் ஜவ்வரிசியை விரலில் அழுத்தினால் நசுங்கிவிடும். கெஃபிர் மணி நசுங்காது, ரப்பர் போல அமுங்கித் திரும்பி வரும். பொட்டலம் வந்ததும் செய்ய வேண்டிய முதல் சோதனை இது. கையை நன்றாகக் கழுவிக்கொண்டு ஒரு மணியை எடுத்து இரு விரல்களுக்கு நடுவே உருட்டுங்கள். மாவு மாவாகக் கரைந்து போனால் அது திரிந்த பாலின் கட்டி. அந்தப் பொட்டலத்தைத் திருப்பி அனுப்பலாம்.

நிறம் வெள்ளையாகவோ இளமஞ்சளாகவோ இருக்க வேண்டும். புளிப்பு வாசனை சரி, லேசான ரொட்டி வாசனையும் சரி. பை உப்பி வந்திருந்தால் பயப்பட வேண்டாம், ஈஸ்ட் விடும் கரியமில வாயு அது. இளஞ்சிவப்பு, பச்சை, கறுப்புப் புள்ளி, பூஞ்சை முடி ஆகியவற்றில் எது தெரிந்தாலும் மொத்தத்தையும் குப்பையில் போட வேண்டியதுதான், கழுவி மீட்க முடியாது. விற்பவர் வீட்டிலிருந்து விற்பவராக இருந்தாலும் பொட்டலத்தில் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

கூரியரில் மூன்று நான்கு நாள் வெயிலில் வந்த மணி களைத்துத்தான் இருக்கும். வந்த அன்றே அரை லிட்டர் பாலில் போட்டுவிடாதீர்கள். 10 கிராம் மணி வந்திருந்தால் முதல் முறை 100 மில்லி பால் மட்டும். கெட்டியானாலும் ஆகாவிட்டாலும் 24 மணி நேரத்தில் வடித்து, அந்தப் பாலைக் கொட்டிவிட்டுப் புதுப் பால் 100 மில்லி. மூன்றாம் முறை 150, பிறகு 250 என்று ஏற்றுங்கள். முதல் மூன்று நான்கு முறை வருவதைக் குடிக்க வேண்டாம். நல்ல மணியாக இருந்தால் ஒரு வாரத்தில் வாசனை சுத்தமாகிவிடும், தயிருக்கும் மோருக்கும் நடுவிலான ஒரு மணம் வரும். பத்து நாளாகியும் பால் உறையவே இல்லையென்றால்தான் மணி செத்துவிட்டது என்று சொல்லலாம். மணி வளரவில்லை என்பது வேறு விஷயம். வளராத மணியும் பாலை ஒழுங்காகப் புளிக்க வைக்கும்.

பால் விஷயத்துக்கு வருவோம். நீலப் பாக்கெட் சமன்படுத்திய பாலில் கொழுப்பு 3 சதவீதம், ஆரஞ்சுப் பாக்கெட் நிறைகொழுப்புப் பாலில் 6. இரண்டிலும் கெஃபிர் வரும். நீலத்தில் நீர்க்க, குடிக்க வாகாக இருக்கும். ஆரஞ்சில் கெட்டியாக, கரண்டியில் எடுக்கும்படி இருக்கும், மணியின் மேல் கொழுப்புப் பூச்சு படிவதால் வடிக்கும்போது கொஞ்சம் சிரமம். தினமும் செய்ய நீலமே போதும். எருமைப்பால் இதற்கு ரொம்பவே கனம்.

பால்காரரிடம் வாங்கும் கறந்த பாலைப் பொங்கக் காய்ச்சாமல் மணி போடவே கூடாது. காசநோயும் புருசெல்லா காய்ச்சலும் காய்ச்சாத பால் வழியாக வரக்கூடியவை. கெஃபிரின் புளிப்பு அவற்றைக் கொன்றுவிடும் என்று நம்பி இருக்க முடியாது. ஏற்காட்டில் தண்ணீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடுமே, பால் சரியாகக் காயுமா என்று கேட்பவர்கள் உண்டு. தாராளமாகக் காயும். பாஸ்டரைஸ் செய்ய 72 டிகிரியில் 15 விநாடிதான் தேவை. பாக்கெட் பாலையும் காய்ச்சுவதே நல்லது, கடையில் வெளியே எத்தனை மணி நேரம் கிடந்தது என்று நமக்குத் தெரியாது. காய்ச்சிய பாலை ஆறவைத்து, ஆடையை எடுத்துவிட்டு, ஒரு முறை வடிகட்டிய பிறகே மணியைப் போடுங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆடை மணியைச் சுற்றிக்கொண்டால் மறுநாள் எது ஆடை எது மணி என்று தெரியாது, வடிகட்டியும் அடைத்துக்கொள்ளும். பால் 30 டிகிரிக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். தயிருக்கு உறை ஊற்றும் இளஞ்சூட்டுப் பழக்கத்தில் 42 டிகிரிப் பாலில் மணியைப் போட்டுவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. தயிரில் இருக்கும் கிருமிக்கு அந்தச் சூடு சுகம். கெஃபிர் மணிக்கு அது காய்ச்சல்.

இனி முக்கியமானது, சேலத்து வெயிலில் இதை எப்படிச் செய்வது.

மணிக்குள் பாக்டீரியாவும் ஈஸ்ட்டும் ஒன்றுக்கொன்று ஒத்திசைவாக வேலை செய்வது 20 முதல் 25 டிகிரிக்குள். 30-ஐத் தாண்டினால் புளிப்பு முந்திக்கொண்டு ஓடும், ஈஸ்ட்டின் கள் வாசனையும் தூக்கலாகும். அதனால் வெப்பம் ஏற ஏற நேரத்தைக் குறைக்க வேண்டும், மணியையும் குறைக்க வேண்டும். நேரத்தை மட்டும் குறைத்தால் போதாது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். 25 டிகிரியில் அரை லிட்டர் பாலுக்கு 15 கிராம் மணி, அதாவது ஒரு மேசைக்கரண்டி, 16 முதல் 20 மணி நேரம். 30 டிகிரியில் 10 கிராம், 8 முதல் 12 மணி நேரம். 34 டிகிரியில் 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி, ஐந்து முதல் ஏழு மணி நேரம். அதற்கு மேல் சூடான அறையில் செய்யாதீர்கள், முதலில் ஜாடியைக் குளிரவையுங்கள்.

குளிரவைக்கக் கரண்ட் வேண்டியதில்லை. அகலமான மண் சட்டியில் நாலு விரல் உயரம் தண்ணீர் ஊற்றி, அதன் நடுவில் ஜாடியை நிறுத்துங்கள். ஜாடியின் மேல் நனைத்த பருத்தித் துணியைப் போர்த்தி, துணியின் நுனி நான்கு பக்கமும் சட்டித் தண்ணீரில் தொங்கும்படி விடுங்கள். துணி தண்ணீரை உறிஞ்சி மேலே ஏற்றிக்கொண்டே இருக்கும், ஆவியாகும் தண்ணீர் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். சன்னலோரம், காற்று வரும் இடம், வெயில் படாத இடம். சேலத்துக் கோடை வறண்ட கோடை என்பதால் இது நன்றாகவே பலிக்கும். அறை 36 இருக்கும்போது ஜாடிக்குள் தெர்மாமீட்டரை விட்டால் 28, 29 காட்டும். இந்தச் சட்டித் தண்ணீர் எறும்பையும் தடுத்துவிடும், பால் ஜாடிக்கு அது பெரிய உதவி. மழைக்காலத்தில் காற்றில் ஈரம் ஏறியிருக்கும்போது இந்த முறை அவ்வளவாகக் குளிர்விக்காது, அப்போது அதற்குத் தேவையும் குறைவு.

இன்னும் துல்லியமாக வேண்டுமென்றால் தெர்மோகோல் பெட்டி. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை ஃபிரீசரில் உறையவைத்து, ஜாடியைத் தொடாமல் பெட்டியின் மூலையில் நிறுத்தி மூடிவிட்டால் 24, 25 டிகிரியில் எட்டு மணி நேரம் நிற்கும். இரவு ஒன்பது மணிக்கு வைத்து காலை ஐந்து மணிக்கு எடுக்கலாம். ஃபிரிட்ஜுக்குள்ளேயே முழுக்கச் செய்யலாமா என்றால், செய்யலாம், நான்கைந்து நாள் ஆகும், சுவை தட்டையாக இருக்கும். ஆறு மணி நேரம் வெளியே வைத்து, உறையத் தொடங்கும்போது மணியோடு ஃபிரிட்ஜுக்கு மாற்றி, மறுநாள் வடிப்பது கோடைக்கு நல்ல வழி.

கடிகாரத்தைவிட ஜாடியைப் பார்ப்பது முக்கியம். மூன்றாம் நான்காம் மணி நேரத்தில் எதுவும் நடக்கவில்லை போலவே இருக்கும். பிறகு மணிகள் ஒவ்வொன்றாக மேலே மிதந்து வரும், ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு வாயுக்குமிழி ஒட்டியிருக்கும். ஜாடியை மெல்லச் சாய்த்தால் பால் கண்ணாடியில் ஓடாமல், ஒரு தடித்த விளிம்போடு மொத்தமாக நகரும். அடியில், ஜாடிச் சுவரோரம், கடுகளவு தெளிந்த நீர் ஒன்றிரண்டு இடத்தில் கண்ணாடியில் தெரியும். அதுதான் எடுக்க வேண்டிய நேரம். அந்தக் கடுகு ஒரு விரல் அகலக் கோடாக விரிந்துவிட்டால் தாமதம். குடிக்கலாம், ஆனால் புளிப்பு குழந்தைகள் முகம் சுளிக்கும் அளவுக்கு ஏறியிருக்கும். புளிப்பை அளக்கும் பி.எச். தாள் வைத்திருப்பவர்கள் 4.6-க்குக் கீழே இறங்கிவிட்டதா என்று பார்த்துக்கொள்ளலாம். 4.4 பக்கம் நல்ல சுவை.

வடிக்கும்போது ஜாடியை ஒரு சுற்று சுற்றிக் கலக்கிவிட்டு வடிகட்டியில் ஊற்றி, மரக்கரண்டியால் அழுத்தாமல், வடிகட்டியை ஓரத்தில் தட்டுங்கள். கெட்டித் தயிர் இறங்கி மணி மட்டும் நிற்கும். உடனே அடுத்த பாலில் போட்டுவிடுங்கள். மணியைத் தினமும் தண்ணீரில் கழுவ வேண்டியதில்லை, கழுவுவது கெடுதலும்கூட. மாநகராட்சிக் குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரின் கிருமியைக் கொல்லத்தான் போடப்படுகிறது, அது நல்ல கிருமி கெட்ட கிருமி என்று பார்க்காது. கழுவியே ஆகவேண்டுமானால் காய்ச்சி ஆறவைத்த பாலில் அலசுங்கள்.

எவர்சில்வர் வடிகட்டி, கரண்டி இவற்றால் மணி செத்துவிடும் என்று பல குறிப்புத் தாள்களில் எச்சரிக்கிறார்கள். நல்ல எவர்சில்வரில் சில நிமிடம் படுவதால் ஒன்றும் ஆகாது. அலுமினியம், ஈயம் பூசாத பித்தளை, செம்பு மட்டும் வேண்டவே வேண்டாம், புளிப்பு அவற்றை அரித்து நஞ்சைப் பாலில் இறக்கும். ஜாடியை இறுக மூடியிட்டு மூடுவதும் கூடாது. வாயு சேர்ந்து கண்ணாடி வெடிக்க வாய்ப்பு உண்டு. துணி கட்டினால் போதும். துணியின் இழை நெருக்கமாக இருக்கட்டும், அகல இழைத் துணியில் பழ ஈ புகுந்துவிடும்.

மலைக்குப் போவோம். ஏற்காட்டிலும் நாகலூர், செம்மடுவு பக்கத்து ஊர்களிலும் இருப்பவர்களுக்கு இந்த மணியை எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்லலாம். சுமார் 1,500 மீட்டர் உயரம், வருடத்தில் பெரும்பாலான மாதங்களில் வீட்டுக்குள் 20 முதல் 26 டிகிரி. குறிப்புத் தாளின் 24 மணி நேரக் கணக்கு அங்கே கிட்டத்தட்ட அப்படியே பலிக்கும். சேலத்தில் எவ்வளவு கவனமாகச் செய்தாலும் வராத ஒரு மென்மை மலையில் தானாக வரும், மெல்லப் புளிப்பதால் கெட்டியும் நயமும் கூடும். மணிகளும் நன்றாகப் பெருகும், இரண்டு மூன்று வாரத்தில் இரட்டிப்பாகிவிடும். பெருகியதை அப்படியே ஜாடியில் விட்டால் அளவு தப்பிப் புளிப்பு ஏறும். வாரம் ஒரு முறை எடை போட்டு மிச்சத்தை எடுத்துவிடுங்கள்.

டிசம்பர், ஜனவரியில் மட்டும் மலையில் கவனம் தேவை. 15 டிகிரியில் 36 முதல் 48 மணி நேரம் ஆகும். அவ்வளவு நேரம் விடுவதில் ஒரு சிக்கல் உண்டு. மேலே காற்றுபடும் இடத்தில் வெள்ளை ஏடு படரும், வினிகர் வாசனை வரும். 12 மணி நேரத்துக்கு ஒரு முறை ஜாடியைச் சுற்றிக் கலக்கிவிட்டால் அது வராது. மணியை அரை லிட்டருக்கு 25 கிராம் வரை கூட்டலாம். அல்லது ஜாடியைக் கம்பளித் துணியில் சுற்றி, இரவு சமையல் முடிந்த அடுப்பு மேடையின் ஓரத்தில் வைக்கலாம். அடுப்புக்குப் பக்கத்தில் என்றால் ஒரு முழம் தள்ளி.

மலையிலும் கீழேயும் தீர்ப்பு தலைகீழாக மாறும் இன்னொரு பொருள் கரண்டில் ஓடும் தயிர் மேக்கர். சில கடைகளில் இதைத் தயிருக்கும் கெஃபிருக்கும் என்று சேர்த்தே விற்கிறார்கள். அது 40 முதல் 43 டிகிரியில் நிற்கும் கருவி. கெஃபிர் மணியை அதில் வைத்தால் சில நாளில் மணி பலவீனமாகிவிடும். சேலத்தில் தயிருக்கும் அது தேவையில்லை, பிரைமோர் ஒரு தேக்கரண்டி விட்டால் ஐந்தாறு மணி நேரத்தில் தயிர் தானே உறைந்துவிடும். ஆனால் ஏற்காட்டுக் குளிரில் இரவு ஊற்றிய உறை காலையிலும் பாலாக நிற்கும் வீடுகளுக்கு அது உண்மையிலேயே உபயோகமானது. அதுவும் வேண்டாமென்றால் ஹாட் பாக்ஸை வெந்நீரால் சூடாக்கிக் கொட்டிவிட்டு, 45 டிகிரிப் பாலில் உறை ஊற்றி மூடி வைத்தால் ஆறேழு மணி நேரத்தில் அதே வேலை நடக்கும்.

பொடியாக வரும் கெஃபிர் கல்ச்சர் பற்றியும் சொல்ல வேண்டும். பொட்டலத்தைப் பாலில் கலந்தால் போதும், மணி கிடையாது, வடிக்க வேண்டாம். அடிக்கடி வெளியூர் போகிறவர்களுக்கு வசதி. ஆனால் மணியில் இருப்பதைவிடக் கிருமி வகைகள் குறைவு. முந்தைய கெஃபிரிலிருந்து கொஞ்சம் எடுத்து அடுத்த பாலுக்கு உறையாக ஊற்றினால் சில முறைக்குப் பிறகு நீர்த்துப்போகும், புதுப் பொட்டலம் வாங்கித்தான் ஆகவேண்டும். லேபிளில் ஈஸ்ட் என்ற சொல் இருக்கிறதா பாருங்கள். ஈஸ்ட் இல்லாதது நல்ல புளித்த பால்தான், கெஃபிர் ஆகாது. கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தரத்தின்படி கெஃபிர் என்று சொல்ல ஒரு கிராமில் குறைந்தது 1 கோடி பாக்டீரியாவும் 10,000 ஈஸ்ட்டும் உயிரோடு இருக்க வேண்டும். ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்லும் பொடியைச் சாதாரணக் கூரியரில் மே மாதம் வரவழைப்பது வீண்.

ஈஸ்ட் இருப்பதால் ஒரு விஷயத்தை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். மணியில் செய்த கெஃபிரில் கொஞ்சம் சாராயச்சத்து இருக்கும், பொதுவாக 1 சதவீதத்துக்குக் கீழே. சூடு கூடினாலும் பழமோ சர்க்கரையோ போட்டு இரண்டாம் முறை புளிக்க வைத்தாலும் அது ஏறும். மத காரணத்தாலோ மருந்து காரணத்தாலோ துளியும் கூடாது என்பவர்கள் தயிரோடும் மோரோடும் நிற்கலாம். அதில் குறையொன்றும் இல்லை. அன்றன்று உறைந்த தயிரைக் கடைந்து நாலு பங்கு தண்ணீர் விட்ட நீர்மோரிலும் உயிருள்ள கிருமிகள் இருக்கின்றன. கெஃபிரின் தனிச்சிறப்பு வகை அதிகம் என்பதுதான். பால் குடித்தால் வயிறு உப்புகிறவர்களுக்கு லாக்டோஸ் என்ற பால் சர்க்கரையின் ஒரு பங்கைக் கிருமிகளே தின்றுவிடுவதால் பாலைவிட எளிதாகச் செரிக்கும்.

கெட்டுப்போவது எப்படி என்றால், பெரும்பாலும் நான்கே வழிகளில். கள் வாசனை தூக்கலாக வந்தால் சூடு அதிகம். இரண்டு மூன்று முறை குளிர்ச்சியில், மணியைப் பாதியாக்கிச் செய்தால் திரும்பிவிடும். பால் நூல் நூலாக, கொழகொழப்பாக வந்தால் பால் பிராண்டு மாறியதாலோ பருவம் மாறியதாலோ இருக்கலாம். வாசனை நன்றாக இருந்தால் குடிக்கலாம், ஒரு வாரத்தில் சரியாகும். மேலே வெள்ளையாக வழவழ ஏடு மட்டும் என்றால் எடுத்துவிட்டுப் பால் மாற்றலாம். முடி போல எழும்பியிருந்தாலோ நிறம் இருந்தாலோ மணியோடு கொட்ட வேண்டும். நாலாவது, பலருக்குத் தோன்றாதது: நேற்று வரை நன்றாக இருந்த மணி திடீரென்று வேலை நிறுத்தம் செய்வது. அதே பாலில் தயிரும் சரியாக உறையவில்லையென்றால் குறை மணியில் இல்லை. மாட்டுக்கு மடிநோய்க்கு ஊசி போட்ட நாட்களில் கறந்த பாலில் மருந்து தங்கியிருக்கும், அது கிருமியை வளரவிடாது. பால் கெடாமலிருக்கச் சோடா உப்பு கலந்திருந்தாலும் புளிப்பு ஏறத் தாமதமாகும். மணியை வேறு பாலுக்கு மாற்றிப் பாருங்கள், பிறகு பால்காரரிடம் கேளுங்கள்.

குடிப்பதற்கு வருவோம். புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதல் நாலு நாள் 50 மில்லி, பிறகு 100, பத்து நாளுக்குப் பிறகு 200. எடுத்த எடுப்பில் ஒரு டம்ளர் குடித்தால் வாயு, வயிற்றுப் பொருமல் வரும், அது கெஃபிரின் குற்றமில்லை. ஒரு வயது ஆகாத குழந்தைக்குக் கொடுக்க வேண்டாம். கீமோ சிகிச்சையில் இருப்பவர்கள், உறுப்பு மாற்று செய்தவர்கள், எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. சிறுநீரகக் கோளாறு உள்ள பெரியவர்களும் கேட்டுக்கொள்ளட்டும், பாலில் பொட்டாசியமும் பாஸ்பரசும் உண்டு. சர்க்கரை நோயாளிகளுக்கு இனிப்பு சேர்க்காமல் அளவோடு கொடுக்கலாம், லாக்டோஸ் முழுதும் போய்விடாது என்பது நினைவிருக்கட்டும்.

நம் வீட்டு நாக்குக்கு இது ஏறக் கொஞ்சம் உதவி தேவைப்படும். ஒரு பங்கு கெஃபிருக்கு ஒன்றரைப் பங்கு குளிர்ந்த தண்ணீர், நசுக்கிய இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம், உப்பு போட்டு மோர் போல அடித்தால் பெரியவர்கள் வித்தியாசம் தெரியாமல் குடித்துவிடுவார்கள். மலை மிளகு ஒன்றிரண்டு பொடித்துப் போட்டால் ஏற்காட்டுக் குளிருக்கு இதமாக இருக்கும். மே, ஜூனில் மல்கோவா கிடைக்கும்போது 200 மில்லி குளிர்ந்த கெஃபிரில் இரண்டு மேசைக்கரண்டி பழக்கூழ் கலந்து உடனே கொடுங்கள், குழந்தைகள் தாங்களாகவே கேட்பார்கள். கலந்து பாட்டிலில் மூடி வெளியே வைக்காதீர்கள், மாம்பழச் சர்க்கரையில் ஈஸ்ட் விடும் வாயு மூடியைத் தூக்கி எறியும். மோர்க்குழம்பில் ஊற்றிக் கொதிக்கவிட்டால் ருசி இருக்கும், உயிர்க்கிருமி இருக்காது. மிஞ்சியதைத் துணியில் கட்டி ஃபிரிட்ஜில் எட்டு மணி நேரம் தொங்கவிட்டால் மென்மையான வெண்ணெய்க்கட்டி போல ஒன்று கிடைக்கும், தோசைக்கும் ரொட்டிக்கும் தடவலாம். வடிந்த நீரைச் சப்பாத்தி மாவு பிசைய வைத்துக்கொள்ளுங்கள், மூன்று நாளுக்குள்.

ஊருக்குப் போகும்போது மணியை இரு மடங்கு புதுப் பாலில் மூழ்கவைத்து ஃபிரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் கவலையில்லை, பால் மாற்றினால் இன்னொரு வாரம். நீண்ட நாளுக்கு என்றால் சுத்தமான துணியில் ஒற்றி ஈரம் போக்கி, பால் பவுடரில் புரட்டி, சின்னப் பையில் ஃபிரீசரில். இரண்டு மாதம் வரை தாங்கும், எழுப்பும்போது முதலில் சொன்னபடி 100 மில்லியிலிருந்து தொடங்க வேண்டும். எல்லா மணியையும் ஒரே ஜாடியில் வைத்திருக்காமல் ஒரு தேக்கரண்டியை எப்போதும் ஃபிரீசரில் தனியே வைத்திருங்கள். ஏற்காட்டில் உறவினரோ நண்பரோ இருந்தால் அவர்கள் வீட்டில் ஒரு பங்கு இருக்கட்டும். மே மாதம் கீழே மணி கெட்டுப்போனால் மலையிலிருந்து ஒரு டிபன் டப்பாவில் பாலோடு இறக்கிக்கொள்ளலாம், வழி ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது.

வாங்குவதாக இருந்தால் டிசம்பர் அல்லது ஜனவரியில் வாங்குங்கள். கூரியர் வண்டிக்குள் சூடு குறைவு, சேலத்துச் சமையலறையும் 24, 26 டிகிரியில் இருக்கும், குறிப்புத் தாளில் எழுதியிருப்பது அந்த இரண்டு மாதம் நமக்கும் பொருந்தும். திங்கட்கிழமை அனுப்பச் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை எந்தக் கிடங்கிலும் பொட்டலம் தங்காது. வந்த கையோடு பால் காய்ச்ச ஆரம்பிக்க வேண்டாம், பொட்டலம் வருவதற்கு முன்பே காய்ச்சி, ஆடை எடுத்து, ஆறவைத்து 100 மில்லி தயாராக இருக்கட்டும்.